ஏட்டிலிருந்து வாக்குப்பெட்டிக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

'ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு' என்பதை நாம் இன்று பெரிதாக எண்ணிப் பார்ப்பதில்லை. வயது வந்தது, வாக்கும் வந்தது என்று இருந்துவிடுகிறோம். ஆனால் அது தானாக வந்ததன்று. சட்டம் சட்டமாக, திருத்தம் திருத்தமாக வந்தது. ஏட்டில் எழுதப்பட்ட பிறகும், அவ்வுரிமை வாக்குப்பெட்டி வரை வந்துசேர நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருந்தது. அந்தத் தொலைவைப் பற்றியே என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

வெள்ளையர் ஆட்சியில் வந்த 1919, 1935ஆம் ஆண்டுச் சட்டங்கள் தேர்தலைத் தந்தன. ஆனால் சொத்தும் வரியும் படிப்பும் பார்த்தே வாக்கைத் தந்தன. காணி நிலமற்ற கூலிக்காரனுக்கு அங்கே இடம் ஏது? சென்னை மாகாணம் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கி மற்ற மாகாணங்களுக்கு வழிகாட்டியது நமக்குப் பெருமைதான். எனினும் அன்று பயன்பெற்றோர் வசதி படைத்த சிலரே.

1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு அந்த அளவுகோலை முறித்தெறிந்தது. 21 வயது நிறைந்த குடிமக்கள் அனைவருக்கும் வாக்கு! அன்று நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே. எழுத்தறியாதவரும் அடையாளம் காணச் சின்னங்கள் வந்தன. வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியே வைக்கப்பட்டன. ஆயினும் 1951–52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி', 'இன்னார் தாய்' என்று பதிந்திருந்த ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். சட்டம் கொடுத்ததை வழக்கம் தடுத்துவிட்டது!

கல்வி உரிமைக்கும் இதுபோல் ஒரு வரலாறு உண்டு. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட சென்னை அரசின் ஆணை செல்லாது என்று, செண்பகம் துரைராசன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகம் கிளர்ந்தெழுந்தது. அதே ஆண்டு சூன் மாதத்தில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் தனி வகை செய்ய அது வழிவிட்டது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த உட்பிரிவு திறந்துவிட்ட கதவின் வழியாகத்தான் இங்கு வந்தேன் என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

தீண்டாமையை ஒழித்தது அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு. ஆனால் மீறுவோரைத் தண்டிக்க 1955இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. அது போதாமல் 1976இல் அதைக் கடுமையாக்கி, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயரிட்டனர். 61ஆம் திருத்தம் 1989 மார்ச்சில் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆக்கியது. இருபது வயதில் இருக்கும் நான் இன்று வாக்காளன் என்றால், அத்திருத்தமே காரணம்.

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் திருத்தம் ஊராட்சிகளில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கேற்ற இடமும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடமும் ஒதுக்கியது. நிகழ்ந்தது என்ன? தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய மதுரை மாவட்டத்து மேலவளவில், ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 சூன் 30இல் வெட்டிக் கொல்லப்பட்டார். உடன் சென்றோரும் மடிந்தனர். அதே மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 முதல் பத்து ஆண்டுகள் முறையான தேர்தலே நடக்கவில்லை. மனுச் செய்ய ஆள் இல்லை. செய்து வென்றவரும் உடனே பதவி விலகினர். 2006இல்தான் அங்கெல்லாம் தேர்தல் நடந்தது.

இதைக் கண்டு, 'சட்டமெல்லாம் வெறும் காகிதம்' என்கின்றனர் நண்பர்கள் சிலர். நான் உடன்படவில்லை. தாளில் எழுதிய சமன்பாடு சரியாக இருந்தாலும், குடுவையில் வினை நிகழ வெப்பம் ஊட்ட வேண்டும். அதற்காகச் சமன்பாடே வேண்டாம் என்போமா? 73ஆம் திருத்தம் இல்லையேல், பாப்பாபட்டியில் தேர்தல் நடத்து என்று பத்து ஆண்டுகள் கேட்க யாருக்கு உரிமை இருந்திருக்கும்? கேட்பதற்கு ஒரு பிடிமானம் தருவதுதான் சட்டம். கேட்பது மக்கள் வேலை.

மாணவத் தோழர்களே! வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா? 2022 முதல் ஆண்டுக்கு ஒன்றல்ல, நான்கு தகுதி நாள்கள் உள்ளன. 17 வயது நிறைந்தவுடனே படிவம் 6 கொடுத்து வைக்கலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பட்டியலைக் கையிலெடுத்துப் பாருங்கள். யார் பெயர் விடுபட்டிருக்கிறது, ஒதுக்கப்பட்ட பதவியில் அமர்ந்தவருக்கு நாற்காலி போடுகிறார்களா, பெண் தலைவரின் கையெழுத்தை யார் போடுகிறார்கள் என்று கேளுங்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நாம் கேட்காவிட்டால், வேறு யார் கேட்பார்?