நிற்பதுதான் மரியாதையா?

விடுமுறையில் வெதுருகுப்பம் சென்றிருந்தபோது, அக்காவுக்குச் சேலை எடுக்கத் திருப்பதியில் ஒரு துணிக்கடைக்குப் போனோம். மெத்தை நாற்காலியில் அமர்ந்து நாற்பது சேலைகளைக் கலைத்தோம். எடுத்துக் காட்டிய பெண்ணோ காலை மாற்றி மாற்றி நின்றார். உட்காரும்படி தெலுங்கில் சொன்னேன். அவர் பார்வை கல்லாப் பக்கம் ஓடியது. வாடிக்கைக்காரர் முன் அமர்வது மரியாதையில்லையாம்!

இந்த ‘மரியாதை’ திருப்பதிக்கு மட்டும் உரியதன்று. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜி முதலிய பெண்கள் போராடிய பின்னரே, 2018-இல் கேரளத்தில் உட்காரும் உரிமை சட்டமாயிற்று. தமிழகக் கடைகளில் இருக்கை கட்டாயமானது 2021-இல். ஒரு முக்காலிக்குச் சட்டசபை கூடவேண்டியிருக்கிறது!

முதலாளியை மட்டும் ஏசுவது எளிது. அவர் நம் பெயரைச் சொல்லியல்லவா நிற்கவைக்கிறார்? “எங்களுக்கு இந்த மரியாதை வேண்டாம், ஐயா” என்று அன்று கல்லாவில் நான் சொல்லியிருக்கலாம். தள்ளுபடி மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.