லேயில் வேகாத பருப்பு

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? எந்தப் பள்ளி மாணவரைக் கேட்டாலும் 100 டிகிரி செல்சியஸ் என்று பளிச்சென்று பதில் வரும். முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். சென்னையிலும் மும்பையிலும் பதில் சரிதான். ஆனால் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லடாக்கின் லே நகரில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது.

காரணம், காற்று. தண்ணீருக்குள் உருவாகும் நீராவிக் குமிழி, மேலிருந்து அழுத்தும் காற்றுக்கு ஈடுகொடுத்தால்தான் கொதிப்பு. லேயில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். குமிழிக்கு வேலை சுலபம்; கஷ்டம் பருப்புக்கு. பானை தளதளவென்று கொதித்தாலும் சூடு 88ஐத் தாண்டாது. தீயைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றும், எரிபொருள் வீணாகும், அவ்வளவே. (சமவெளிச் சமையலறைகளிலும் இந்த வீண்செலவு தினமும் நடக்கிறது. கொதி வந்தபின், அது அடங்காத அளவுக்குத் தீயைக் குறைத்தாலும் சோறு அதே நேரத்தில் வெந்துவிடும்.)

மலையில் கைகொடுப்பது பிரஷர் குக்கர். நீராவியை அடைத்துவைத்து அழுத்தத்தை ஏற்றுவதால் சமவெளியில் அதற்குள் சூடு சுமார் 120 டிகிரியைத் தொடும். ஆனால் குக்கரின் வெயிட், வெளிக்காற்றின் அழுத்தத்தோடு தன் பங்கைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். வெளியிலேயே அழுத்தம் குறைவு என்பதால் லேயில் அதே குக்கர் 115 டிகிரி வாக்கில் நின்றுவிடும். சமவெளியில் எண்ணிப் பழகிய விசில் கணக்கு அங்கே போதாது.