வன்கொடுமைக்கு வக்கீல் தேடுகிறோம், வீட்டு ஏலத்துக்கு?



பொதட்டூர்பேட்டை பக்கம் ஒரு காலனி வீடு. கடன் பாக்கிக்காக வங்கி அனுப்பிய நோட்டீஸை அந்த அக்கா சாமி படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தார். சுவரில் சுவாதீன நோட்டீஸ் ஒட்டியபோதுதான் வீட்டில் மற்றவர்களுக்கே தெரிந்தது. அவசரத்தில் தெரிந்தவர் மூலம் ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். அவர் பணம் வாங்கிக்கொண்டு சிவில் கோர்ட்டில் தடை கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு நிற்கவில்லை.

நிற்காது என்பது அந்த வக்கீலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி அடமான வீட்டை எடுத்து விற்கலாம். பிரிவு 34 சிவில் கோர்ட்டின் கதவை மூடிவிடுகிறது. திறந்திருக்கும் கதவு சென்னையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயம்தான்.

நாட்களை மனப்பாடம் செய்யுங்கள். முதல் நோட்டீஸுக்குப் பிறகு 60 நாள் அவகாசம். அதற்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்தால், வங்கி அதை ஏற்காவிட்டால் 15 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டும். சுவாதீனம் எடுத்தால், பிரிவு 17இன் கீழ் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள். விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஒரு லட்சத்துக்கு மேற்படாத கடனுக்கும் பொருந்தாது.

ஆகவே வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது, "நீங்கள் நம்ம ஆளா?" என்பதல்ல. "தீர்ப்பாயத்தில் பிரிவு 17 மனு போட்டிருக்கிறீர்களா? கடைசித் தேதி எது?" என்பதுதான். நல்ல வக்கீல் திருப்பிக் கேட்பார்: நோட்டீஸ் வந்த தேதி என்ன, கவர் இருக்கிறதா, எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள், மனை என்ன வகை. பஞ்சமி நிலமாக இருந்தால் பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. ஏலத்தை எதிர்த்து வாதாட அது ஒரு பிடி. பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். பீஸுக்கு ரசீது வாங்குங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "கட்டாயம் ஜெயிக்கலாம்" என்பவரை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பீஸ் கொடுக்க வழியில்லையா? 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறது. தீர்ப்பாய வழக்குகளும் அதில் அடங்கும். திருவள்ளூரில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. 15100க்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். இது தர்மம் அல்ல, உரிமை. ஒதுக்கிய வக்கீல் அக்கறை காட்டாவிட்டால் மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள்.

வழக்குப் போட்டாலே கடன் போய்விடாது. கிடைப்பது அவகாசம், கணக்கைக் கேட்கும் உரிமை, பேசித் தீர்க்க ஒரு பலம். அந்த அக்காவுக்குக் கடைசி வாரத்தில்தான் மனு போட முடிந்தது. வழக்கு நடக்கிறது, அவர்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.

என் கோபம் நம் மீதும்தான். அடி விழுந்தால் ஓடுகிறோம், எஃப்.ஐ.ஆர். போட வைக்கிறோம். வங்கி நோட்டீஸை மட்டும் அந்தக் குடும்பத்தின் சொந்த மானப் பிரச்சினை என்று விட்டுவிடுகிறோம். இரண்டு தலைமுறை கூலி வேலை செய்து கட்டிய வீடு போவது நம் அரசியல் இல்லையா? சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் கேளுங்கள்: படத்துக்குப் பின்னால் எந்த வீட்டில் நோட்டீஸ் இருக்கிறது? எடுத்துத் தேதியைப் படியுங்கள்.