ஓடாத காருக்கு ஓடுகிற செலவு



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு, கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் வயதான அப்பா அம்மாவை வைத்திருப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

நம் ஊர்த் தெருக்களில் காலையில் நடந்து போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பத்து வீட்டுக்கு இரண்டு வீட்டு வாசலில் உறை போட்ட கார் நிற்கிறது. உறையின் மேல் வேப்பிலை. சக்கரத்துக்கு அடியில் பூனை. கார் எப்போது கடைசியாக வெளியே போனது என்று கேட்டால், "போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம் சார்" என்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலிலும் அப்படி ஒன்று நிற்கிறது. 2012-இல் வாங்கியது. நானும் வீட்டம்மாவும் வேலைக்குப் போன காலத்தில் நன்றாக உழைத்த வண்டி. இருவரும் ஓய்வு பெற்ற பிறகு அதற்கும் ஓய்வு வந்துவிட்டது.

கணக்கு வாத்தியாருக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. கடந்த ஓராண்டில் கார் வெளியே போனது 26 முறை. ஓடியது 1,300 கிலோமீட்டர். செலவு இதோ:

இன்சூரன்ஸ் 6,500
சர்வீஸ் 6,800
எலி கடித்த ஒயர் மாற்ற 3,900
டயர் (ஆறு ஆண்டு ஆயுள் என்று பிரித்து) 3,000
பேட்டரி (5,200 ரூபாய், இரண்டே ஆண்டில் போனதால் பாதி) 2,600
உறை, கழுவும் செலவு 1,200

மொத்தம் 24,000 ரூபாய். இதில் பெட்ரோல் இல்லை. பெட்ரோலுக்கு 8,000. ஓராண்டில் விலை மதிப்பு குறைந்தது சுமாராக 20,000. ஆக 52,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 40 ரூபாய். ஒரு முறை கேட்டைத் திறந்து காரை வெளியே எடுத்தால் 2,000 ரூபாய்.

இதையே வாடகைக் காரில் போயிருந்தால்? கிலோமீட்டருக்கு 15 ரூபாய், டிரைவர் பேட்டா ஒவ்வொரு முறையும் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். 19,500-ம் 7,800-ம் சேர்ந்து 27,300. ஏறக்குறையப் பாதி. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும்போது அந்த வளைவுகளில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் வியர்க்கவும் வேண்டாம். கரியாலூர் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

சிலர் நினைக்கிறார்கள், ஓட்டினால்தானே தேயும், நிறுத்தி வைத்தால் செலவில்லை என்று. கார் அப்படிப்பட்ட பொருள் இல்லை. சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், அலாரம் இவையெல்லாம் பேட்டரியிலிருந்து துளித்துளியாகக் கரண்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஓடினால்தான் அது மறுபடி ஏறும். ஒரே இடத்தில் பாரம் தாங்கி நிற்கும் டயர் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். மழைக்காலத்தில் பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும். எஞ்சின் ஆயில் கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் நல்லதில்லை. கரும்பு விளையும் மாவட்டத்துக்காரர்கள் நாம். எத்தனால் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரசாங்கச் செலவும் கார் ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பதில்லை. 1000 சிசிக்கு மேல் 1500 சிசிக்குள் உள்ள காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 3,416 ரூபாய் என்று 2022 ஜூனில் நிர்ணயித்தார்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4,031. ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் அதுதான், பத்தாயிரம் ஓட்டினாலும் அதுதான். "ஓட்டாத வண்டிதானே" என்று புதுப்பிக்காமல் விட்டு 90 நாள் கடந்தால், இத்தனை வருடம் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் பிடிபட்டால் முதல் முறை அபராதம் 2,000. புகைச் சான்றிதழ் தனி. பதிவு செய்து 15 ஆண்டு முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000. பசுமை வரி அதற்கு மேல். எங்கள் காருக்கு 2027-இல் அந்த வேளை வருகிறது.

"செலவு ஆனால் ஆகட்டும், ஒரு அவசரத்துக்கு வேண்டாமா?" எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான். இதைத்தான் நிதானமாக யோசிக்கச் சொல்கிறேன்.

இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு வலிக்கிறது. காரை ஓட்டப்போவது யார்? வலிக்கிறவர் ஓட்ட முடியாது. கண்புரை உள்ள 65 வயது மனைவியோ கணவரோ பதற்றத்தில் இருட்டில் ஓட்டக்கூடாது. மூன்று வாரமாக நின்ற வண்டி அந்த நேரம் பார்த்து ஸ்டார்ட் ஆகும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2008 முதல் நம் மாநிலத்தில் 108 ஓடுகிறது. அதில் ஆக்ஸிஜன் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2022-இல் வந்துவிட்டது. டவுனில் இருப்பவர்களுக்கு 108-ம், பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர் நம்பரும், எழுப்பினால் ஓடிவரும் அண்டை வீடும்தான் உண்மையான அவசர ஏற்பாடு.

மலையில் இருப்பவர்கள் நிலை வேறு. அதை மறந்து நான் பேசவில்லை. கல்வராயன் மலையில் நான் பாடம் நடத்திய பிள்ளைகள் பலர் இதைப் படிப்பீர்கள். பஸ் தவறினால் அடுத்த பஸ்ஸுக்கு அரை நாள் காத்திருந்ததும், உடம்பு முடியாதவரைக் கட்டிலோடு தூக்கி வந்ததும் உங்களுக்குத் தெரியும். 2024-இல் அந்த மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அங்கே ஒரு வீட்டில் ஒரு ஜீப் இருந்தால் அது ஊருக்கே சொத்து, தினமும் ஓடும். அந்த வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கீழே டவுனில் உறைக்குள் தூங்கும் காருக்குத்தான் பொருந்தும்.

கௌரவம் என்ற ஒன்று இருக்கிறது. "கார் வித்துட்டாங்களாம், பையன் பணம் அனுப்பலையோ?" என்று உறவுக்குள்ளேயே பேசுவார்கள். பேசட்டும். பேசுகிறவர்கள் பேட்டரி வாங்கித் தரப்போவதில்லை. யானையைக் கட்டித் தீனி போடுவதை ஓய்வூதியத்தில் செய்ய முடியாது. அந்த 24,700 ரூபாய் மிச்சத்தில் வீட்டம்மாவின் முழங்காலுக்கு ஓராண்டு வைத்தியம் பார்க்கலாம்.

வைத்திருந்தே தீருவேன் என்பவர்கள் சிலவற்றைச் செய்யுங்கள். வாரம் ஒரு முறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். வாசலில் நிறுத்தியபடியே எஞ்சினைப் போட்டு வைப்பது போதாது. மூடிய ஷெட்டில் அப்படிச் செய்தால் அந்தப் புகை உயிருக்கே ஆபத்து. நெடுநாள் நிறுத்தினால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஹேண்ட் பிரேக் இழுக்காமல், கியரில் போட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயவில்லை என்று பத்து வருட டயரை நம்பாதீர்கள்.

விற்பவர்கள் ஒன்றை மட்டும் விடாதீர்கள். பணம் கைக்கு வந்ததோடு வேலை முடியவில்லை. படிவம் 29, 30 கொடுத்து, ஆர்.சி. வாங்கியவர் பெயருக்கு மாறியதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மாறாத நிலையில் அந்த வண்டி விபத்து செய்தால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

நாங்கள் பேசி முடிவெடுத்துவிட்டோம். இந்தத் தையில் காரைக் கொடுத்துவிடுகிறோம். வீட்டம்மாவுக்கு முழு மனசில்லை. ஆனால் கணக்கு நோட்டைப் பார்த்த பிறகு மறுக்கவும் இல்லை.

சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகளே, அப்பாவுக்குக் கார் வாங்கித் தருவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல அப்பாக்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது மாதம் ஒரு முறை நீங்கள் வருவது. வரும்போது வாடகைக் கார் எடுத்து, மலைக்கோ கோமுகி அணைக்கோ கூட்டிக்கொண்டு போங்கள்.

வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டுக் காரின் ஓராண்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். கிலோமீட்டருக்கு எவ்வளவு வருகிறது என்று கமெண்டில் போடுங்கள். வழிமுறையையும் காட்ட வேண்டும். விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது.