எதிர்க்கட்சி நாற்காலியில் யாருடைய கேள்வி?

1952 டிசம்பரில் புனேயில் பேசிய அண்ணல் அம்பேத்கர், ஜனநாயகம் நடக்கத் தேவையான நிபந்தனைகளை அடுக்கினார். சமூகத்தில் அப்பட்டமான ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது என்பது முதலாவது. இரண்டாவதாக எதிர்க்கட்சியைச் சொன்னார். ஆட்சியை மாற்ற மக்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. அதுவரை அவைக்குள் அன்றாடம் தட்டிக்கேட்க ஆள் வேண்டும் என்பது அவர் வாதம். நாடாளுமன்ற எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசு ஊதியம் வழங்கும் சட்டம் 1977இல் வந்ததும் இந்த வேலைக்காகத்தான்.

இந்த இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டியவர்கள் நாம். விலைவாசி, மின்கட்டணம் என்றால் அவை அதிரும். சாதி என்று வந்தால் மட்டும் எதிர்வரிசையும் ஆளும் வரிசையும் ஒரே ஊர்க்கூட்டமாகிவிடுகின்றன.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளை நாம் மறக்கவில்லை. 1996இல் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மனுப்போட விடாமல் தடுத்தார்கள். ஜெயித்தவர்களையும் ராஜினாமா செய்ய வைத்தார்கள். முறையாகத் தேர்தல் நடந்தது 2006இல். இடைப்பட்ட பத்தாண்டில் திமுகவும் அதிமுகவும் மாறி மாறி ஆண்டன, மாறி மாறி எதிர்வரிசையிலும் அமர்ந்தன. தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் தெருவில் நின்ற அளவுக்கு, பெரிய எதிர்க்கட்சி எதுவும் அவைக்குள் நிற்கவில்லை. பெரும்பான்மைச் சாதியின் ஓட்டு இருவருக்கும் வேண்டுமே!

எங்களுக்கு அதிகாரம் இல்லையே என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதை ஏற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளைப் புரட்டிப் பாருங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். மாவட்டத்தின் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் அதில் உறுப்பினர்கள். முதல்வர் தலைமையிலான மாநிலக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். தலித், பழங்குடி எம்.எல்.ஏ.க்களுக்கு அதில் இடமுண்டு. நாங்கள் சந்தித்த எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், “அப்படி ஒரு குழுவில் நானும் இருக்கிறேனா?” என்று எங்களிடமே கேட்டார். சிரிப்பதா, அழுவதா?

தமிழ்நாட்டில் நமக்கு 44 தனித்தொகுதிகள். அவற்றில் எதிர்க்கட்சியின் சார்பில் வென்றவர்களும் கட்சி கண்ணசைத்தால்தான் எழுந்திருக்கிறார்கள். கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவிக்கு ஆபத்து வரலாம். கேள்வி கேட்பதற்காகக் கட்சித்தாவல் சட்டம் யாருடைய பதவியையும் பறிப்பதில்லை.

கேட்க வேண்டியவை ஒன்றும் மர்மமல்ல. நம் மாவட்டக் குழு கடந்த ஆண்டு எத்தனை முறை கூடியது? 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலான வழக்குகள் எத்தனை? விதிப்படி ஏழு நாளுக்குள் நிவாரணம் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? துணைத்திட்ட நிதியில் செலவானது எவ்வளவு, வேறு துறைக்குத் திருப்பியது எவ்வளவு? பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர் மீட்கப்பட்டது?

அடுத்த கூட்டத்தொடருக்கு முன்பு இந்தக் கேள்விகளை எழுதி, மாவட்டத்தின் எல்லாச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகங்களிலும் கொடுத்து ஒப்புகை வாங்கப்போகிறோம். முதலில் எதிர்க்கட்சியினர் அலுவலகங்களுக்குத்தான் போகிறோம். அவைக்குறிப்பில் யார் பெயரில் எந்தக் கேள்வி பதிவாகிறது என்பதை இதே பத்தியில் எழுதுவோம்.