கோடு போட்டால் போதுமா?

சாலை வருகிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் "வருகிறது, வருகிறது" என்று சொல்லியே 50 ஆண்டுகளுக்கு மேல் ஓட்டினால்?

அமெரிக்காவில் அப்படி ஒரு சாலை இருக்கிறது. அதன் எண் 710. லாங் பீச் துறைமுகத்தில் தொடங்கி, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கமாக வடக்கே போகிறது. கார்களும் லாரிகளும் சிக்னலில் நிற்காமல் பறக்கும் பெருஞ்சாலை அது.

1960-களில் அது அல்ஹாம்ப்ரா என்ற புறநகர் வரை வந்தது. அதோடு நின்றுவிட்டது. பசடேனா என்ற ஊருக்கு இன்னும் சுமார் 7 கிலோமீட்டர்தான் பாக்கி. "பிறகு நீட்டுவோம்" என்றது அரசு.

வாங்கிய வீடுகள்

வரைபடத்தில் கோடு போட்டார்கள். கோடு போன வழியில் இருந்த வீடுகளை அரசு வாங்கியது. ஒன்றிரண்டு அல்ல, 400-க்கு மேல்! நடுவில் இருந்த சவுத் பசடேனா ஊரார், "எங்கள் ஊர் இரண்டாகப் பிளந்துவிடும்" என்று வழக்குப் போட்டார்கள். 1973-ல் கோர்ட்டு தடை போட்டது.

சாலை கேட்டவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பெருஞ்சாலை முடியும் இடத்தில் வண்டிகள் எல்லாம் அல்ஹாம்ப்ராவின் தெருக்களில் வந்து விழுகின்றன. அங்கே இருப்பவர்களும் மனிதர்கள்தானே?

பூமிக்கு அடியில் சுரங்கப் பாதை போடலாம் என்றும் பேசினார்கள். 2018-ல் அதையும் கைவிட்டார்கள். 2019-ல் திட்டத்துக்கே முடிவு கட்டிச் சட்டம் வந்தது.

பூட்டிய கதவுகள்

இத்தனை காலமும் அந்த வீடுகள் என்ன ஆயின? சிலவற்றை அரசு வாடகைக்கு விட்டது. பல வீடுகள் பூட்டிக் கிடந்து பாழாயின. 2020 மார்ச்சில், குடியிருக்க இடம் இல்லாத குடும்பங்கள் சில, எல் செரினோ பகுதியில் பூட்டிக் கிடந்த வீடுகளுக்குள் குடியேறின. ஒரு பக்கம் ஆள் இல்லாத வீடு; மறு பக்கம் வீடு இல்லாத ஆள்!

நிச்சயதார்த்தம் செய்துவிட்டு முகூர்த்த நாள் குறிக்காவிட்டால், பெண் வீட்டார் பாடு என்ன ஆகும்? கோட்டுக்குள் அகப்பட்ட ஊரின் பாடும் அதுதான். சாலை வந்தால் ஒரு கஷ்டம். வராவிட்டால் ஒரு கஷ்டம். வருமா வராதா என்று தெரியாமல் இருப்பதோ எல்லாவற்றிலும் பெரிய கஷ்டம்.

சாலை வேண்டும். அதை நீட்டவும் வேண்டியிருக்கலாம். ஆனால் கோடு போடும் கை, தேதியும் போட வேண்டும். அந்தத் தேதிக்குள் சாலை வராவிட்டால், வீட்டையும் நிலத்தையும் மக்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுதான் நியாயம்.