கேஸ் முடியிறதில்ல, கசியுது



வெயில் தொடங்கினால் எங்கட வீடுகளில ஒரு வசனம் கேட்கும்: "கார் ஏசி குளிரேல்ல, கேஸ் முடிஞ்சிருக்கும், அடிச்சா சரி." எனக்குப் பிரச்சினையே இந்த வசனம்தான். பெற்றோல் முடியும், ஏசி கேஸ் முடியாது. அது மூடிய குழாய்க்குள் திரும்பத் திரும்பச் சுத்துற வாயு. பழைய காரில ரப்பர் சீல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகலாம். ஆனால் போன வருசம் அடிச்ச கேஸ் இந்த வருசம் இல்லையென்றால் எங்கேயோ கசியுது. அதைப் பார்க்காமல் திரும்ப அடிக்கிறது, கிராஷ் ஆன ஆப்பை லொக் பார்க்காமல் ரீஸ்டார்ட் பண்ணுற மாதிரி.

என்ர கருத்து இதுதான்: பிழை எங்க என்று வீட்டிலயே தேடுங்கோ. கேஸ் மட்டும் நீங்களே அடிக்காதேங்கோ.

தேடுறதுக்குப் பத்து நிமிசம் போதும். முதல் கேள்வி: காத்து குறைவா, இல்லாட்டி காத்து வந்தும் சூடா? குறைவென்றால் கேபின் ஃபில்டரைப் பாருங்கோ. பெரும்பாலான கார்களில அது கிளவ் பொக்ஸுக்குப் பின்னால இருக்கும்.

401 இல ஓடேக்க குளிருது, டிராஃபிக்கில நிக்கேக்க சூடாகுதென்றால், கொண்டென்சர் ஃபேனில சந்தேகப்படுங்கோ. ஏசியைப் போட்டு பொனட்டைத் திறந்து, ஃபேன் சுத்துதா என்று தள்ளி நின்று பாருங்கோ. ஒரு பக்கம் குளிர், மற்றப் பக்கம் சூடென்றால், டாஷ்போர்டுக்குள் காத்தைப் பிரிக்கிற சின்னக் கதவின் மோட்டராக இருக்கலாம்.

பிறகு கிரில்லுக்குப் பின்னால இருக்கிற கொண்டென்சரையும் குழாய் மூட்டுகளையும் பாருங்கோ. கேஸோட ஒயிலும் ஓடுறதால, கசியிற இடத்தில தூசி ஒட்டின எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். ரொறன்ரோ ரோட்டு உப்பும் கல்லும் முதல் அடிக்கிறது அந்தக் கொண்டென்சருக்குத்தான்.

"கடையில கேஸ் டின் மலிவா விக்குதே?" விக்குது. ஆனால் அப்படி விக்கிற சில டின்களில இருக்கிறது புரொப்பேனும் ஐசோபியூட்டேனும் கலந்த, எரியிற வாயு. அதைக் கலந்தால் பல கராஜ்கள் உங்கட காரைத் தங்கட மெஷினில பூட்டமாட்டினம். டின்னோட வாற கேஜும் ஒரு பக்கத்து அழுத்தத்தைத்தான் காட்டும். உள்ளுக்க எத்தனை கிராம் இருக்கென்று சொல்லாது. கூடிப்போனாலும் ஏசி குளிராது, கொம்பிரஸரும் பழுதாகலாம்.

காசு மட்டுமில்ல விசயம். பழைய கார்களில இருக்கிற ஆர்-134ஏ, காபன் டையொக்சைட்டை விடச் சுமார் 1,400 மடங்கு சூடேத்துற வாயு. அதனாலதான் கனடா 2021 மொடல் தொடக்கம் புதுக் கார்களில அதை நிறுத்தினது. புது வாயு ஆர்-1234வைஎஃப் பூமிக்கு நல்லது, ஆனால் விலை கூட. ஒன்ராறியோவில இந்த வாயுக்களைக் கையாள மெக்கானிக்குக்கு ஓடிபி கார்ட் வேணும்.

அடுத்த முறை அப்பா கராஜுக்குப் போகேக்க நீங்களும் போங்கோ. "கேஸ் அடியுங்கோ" என்று கேளாதேங்கோ. மூன்று கேள்வி கேளுங்கோ: எத்தனை கிராம் வெளியில வந்தது? பொனட்டுக்குக் கீழ இருக்கிற லேபிள் எத்தனை கிராம் சொல்லுது? வித்தியாசம் எந்த ஓட்டையால போனது? மூன்றாவதுக்குப் பதில் வரும்வரை காசு கொடுத்துக் கேஸ் நிரப்பாதேங்கோ.